பதினைந்தின் வரலாறு: ஜப்பானியப் பாடல் தலைப்புகளில் வயது

கரோக்கி அறையில் பாடுவதற்கும் கைப்பேசியில் தொகுத்துக் கேட்பதற்கும் ஜப்பானியர் பாடல்களைப் பலவாறு வகைப்படுத்துவர். தலைப்பில் எண் கொண்ட பாடல்கள் அவ்வகைகளுள் ஒன்று. 1968இல் சுயிசென்ஜி கியோகோ பாடிய '365 அடிகளின் அணிநடை', 1979இல் கோதாய்கோ குழு பாடிய 'விண்மீன் மண்டல ரயில் 999', 1999இல் குழந்தைகள் நிகழ்ச்சியில் பிறந்து நாடெங்கும் பரவிய 'மூன்று கொழுக்கட்டைச் சகோதரர்கள்' ஆகியவை இத்தொகுப்புகளில் அருகருகே வரும். முதற்பார்வைக்கு இது வெறும் விளையாட்டு. எனினும் எண் வயதைக் குறிக்கும் பாடல்களை மட்டும் தனியே எடுத்துக் காலவரிசையில் வைத்தால் ஒரு சமூக வரலாறு புலப்படுகிறது. குறிப்பாக, பதினைந்து என்னும் எண் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் யாருடைய சொல்லாக இருந்தது, யாருடைய சொல்லாக மாறியது என்பதை இப்பாடல்கள் காட்டுகின்றன.

வயது எவ்வாறு எண்ணப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஜப்பானில் நெடுங்காலம் நிலவியது 'கசோயே' முறை. அதன்படி, பிறந்த குழந்தைக்கு அன்றே ஒரு வயது. அதன்பின் ஒவ்வொரு புத்தாண்டிலும் அனைவருக்கும் ஒரே நாளில் ஒரு வயது கூடும். பிறந்தநாளைக் கொண்டு வயதைக் கணக்கிடும் முறையை 1902ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் மக்கள் வழக்கு மாறவில்லை. அன்றாட வாழ்விலும் முழு வயதையே சொல்ல வேண்டும் என்று வலியுறுத்திய சட்டம் 1949இல் இயற்றப்பட்டு, 1950 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊரே சேர்ந்து மூத்த நிலை போய், ஒவ்வொருவரும் தத்தம் நாளில் தனித்தனியே மூக்கும் நிலை வந்தது. ஒருவர் தம் வயதைத் தம் சொந்த அடையாளமாகக் கொண்டாடும் பாடல்கள் இதற்குப் பின்னரே பெருகின என்பது கருதத்தக்கது.

பழைய கணக்கின் பதினைந்து எத்தகையது என்பதற்கு 'சிவந்த தும்பி' என்னும் பாடல் சான்று. மிகி ரொஃபூ 1921இல் எழுதிய கவிதைக்கு யமதா கோசாகு 1927இல் இசையமைத்தார். இன்றும் ஜப்பானியக் குழந்தைகள் அறிந்த பாடல் இது. இதன் தலைப்பில் எண் இல்லை; உள்ளே ஒரு வயது மட்டும் வருகிறது. சிறுவனைத் தூக்கி வளர்த்த பணிப்பெண் பதினைந்து வயதில் மணமாகிச் சென்றுவிட்டாள் என்கிறது பாடல். கசோயே முறைப்படி அப்பதினைந்து, இன்றைய கணக்கில் பதின்மூன்றோ பதினான்கோ ஆகும். அவள் பாடலில் பேசுவதில்லை. அவள் வயதைச் சொல்பவன் அவளை இழந்த சிறுவன். அவள் மணத்தை முடிவு செய்தவர்கள் வேறு யாரோ. பதினைந்து இங்கே பிறரால் ஒருத்தியின் மேல் எழுதப்பட்ட எண்.

போருக்குப் பின் அதே வயதுக்குப் புதிய பொருள் வந்தது. 1947ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஒன்பது ஆண்டுப் பள்ளிப்படிப்பைக் கட்டாயமாக்கியது. அக்கல்வி முடியும் வயது பதினைந்து. 1950இல் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றோர் 42.5 விழுக்காட்டினரே. மற்றவர்களுக்குப் பதினைந்து என்பது வேலைக்குப் போகும் வயது. 1954 முதல் வடகிழக்குச் சிற்றூர்களிலிருந்து பள்ளி முடித்த சிறுவர் சிறுமியரைத் தோக்கியோவின் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் கூட்டமாக ஏற்றிவரும் தனி ரயில்கள் ஓடின. குறைந்த கூலிக்குக் கிடைத்த அப்பிள்ளைகளை முதலாளிகள் 'பொன் முட்டைகள்' என்று அழைத்தனர். அவர்கள் வந்திறங்கிய உயேனோ நிலையத்தைப் பற்றி 1964இல் இசாவா ஹாசிரோ பாடிய பாடல் அத்தலைமுறையின் கீதமாயிற்று. அதன் தலைப்பு நிலையத்தின் பெயரைச் சொல்கிறது, வயதைச் சொல்வதில்லை. ரயிலில் இருந்த அனைவர்க்கும் ஒரே வயது என்னும்போது அதைச் சொல்ல வேண்டிய தேவை எழவில்லை போலும்.

1974இல் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்வோர் 90 விழுக்காட்டைக் கடந்தனர். அடுத்த ஆண்டோடு அந்த ரயில்களும் நின்றன. இந்த இடைக்காலத்தில்தான் வயது தலைப்புகளில் ஏறுகிறது. 1971 ஜூன் மாதம் மினாமி சவோரி '17 வயது' என்னும் பாடலுடன் அறிமுகமானார். அவர் ஒகினாவாவைச் சேர்ந்தவர். அத்தீவு அப்போது அமெரிக்க ஆட்சியில் இருந்தது. ஜப்பானிடம் திரும்பியது 1972 மே 15 அன்றுதான். பாடல் வெளிவந்த நாளில் அவருக்கே பதினாறு வயதுதான் நிறைவடைந்திருந்தது. 1975இல் 'காசே' இணையர் வெளியிட்ட '22 வயதில் பிரிவு' இன்னொரு வகை. இசே ஷோசோ எழுதிய அப்பாடலில் பேசுபவள் காதலனைப் பிரிந்து வேறொருவனை மணக்கப்போகும் பெண். பாடுவோர் ஆண்கள். மணம் பிறரது முடிவாக இருந்த 'சிவந்த தும்பி'க்குப் பின் அரை நூற்றாண்டில், பெண்ணே தன் வயதைச் சொல்லித் தன் பிரிவை அறிவிக்கிறாள். அதற்கும் ஓர் ஆணின் குரலே தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே காண வேண்டும்.

பதினைந்து தலைப்பில் வந்தது 1983 டிசம்பர் 1 அன்று. ஒசாகி யுதாகாவின் முதல் இசைத்தட்டு '15இன் இரவு'. ஏறத்தாழ அனைவரும் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் காலம் அது. பதினைந்து வயது என்றால் இப்போது நுழைவுத்தேர்வு. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடுநிலைப் பள்ளிகளில் வன்முறை பெருகி நாடளாவிய கவலையாக இருந்தது. 1979இல் தொடங்கிய '3ஆம் ஆண்டு பி பிரிவு கின்பாச்சி ஆசிரியர்' என்னும் தொலைக்காட்சித் தொடர், தாயாகும் பதினைந்து வயது மாணவியின் கதையைச் சொல்லி அக்கவலைக்கு முகம் தந்தது. ஆனால் அத்தொடரில் பதினைந்து வயதினரைப் புரிந்துகொண்டு பேசுபவர் ஆசிரியர். ஒசாகியின் பாடலில் அவ்வயதினனே பேசுகிறான். பள்ளியையும் வீட்டையும் விட்டு நீங்கி, திருடிய இருசக்கர வண்டியில் இரவில் ஓடுகிறான். எங்கே போவது என்பது அவனுக்குத் தெரியவில்லை. ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்ட முந்தைய பதினைந்துக்குச் சேருமிடம் இருந்தது, தெரிவு இல்லை. இந்தப் பதினைந்து ஓடத் தெரிவு செய்கிறது, சேருமிடம் இல்லை. பாடல் வெளிவருவதற்கு இரண்டு நாள் முன்னரே ஒசாகிக்குப் பதினெட்டு நிறைந்திருந்தது. 1992இல், 26ஆம் வயதில் அவர் மறைந்தார்.

கால் நூற்றாண்டு கழித்து, 2008இல் ஆஞ்செலா அகி 'கடிதம்: அன்புடன் பதினைந்து வயதான உனக்கு' என்னும் பாடலை வெளியிட்டார். என்எச்கே ஒலிபரப்பு நிறுவனம் நடத்தும் தேசியப் பள்ளி இசைப்போட்டியின் நடுநிலைப் பள்ளிப் பிரிவுக்காக இயற்றப்பட்டது அது. பதின்ம வயதில் தமக்குத் தாமே எழுதிய கடிதம் முப்பதாம் பிறந்தநாளில் தாயிடமிருந்து வந்து சேர்ந்ததே இப்பாடலின் தோற்றுவாய் என்று அவர் கூறியுள்ளார். பாடலில் பதினைந்து வயதினர் ஒருவர் தம் எதிர்காலத்திடம் துயரைச் சொல்ல, வளர்ந்தவர் மறுமொழி எழுதுகிறார். இருவரும் ஒருவரே. பள்ளி நிறைவு விழாக்களில் இன்று பரவலாகப் பாடப்படும் பாடல்களுள் இதுவும் ஒன்று. ஒசாகி அரபு எண்ணுருவில் 15 என்று எழுதியதை அகி சீன எழுத்துருவில் எழுதினார். இரண்டையும் 'ஜூகோ' என்றே படிக்க வேண்டும்.

கரோக்கிக்கும் இந்த வயதுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1971இல் கோபே நகரில் இனோவே தைசுகே நாணயம் இட்டால் பின்னணி இசை ஒலிக்கும் இயந்திரத்தை மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை பெறவில்லை. மதுக்கடையில் பாடியோர் நடுவயது ஆண்கள். சிறுவர்க்கு அங்கு இடமில்லை. 1985இல் ஒகயாமா பகுதியில் சரக்குப் பெட்டகத்தை அறையாக்கித் தொடங்கிய 'கரோக்கிப் பெட்டி' முறை அந்நிலையை மாற்றியது. தனியறை, மணிக்கணக்கில் வாடகை, மது கட்டாயமில்லை. பதினைந்து வயதினர் தங்கள் வயதைத் தாங்களே பாடுவதற்கு அப்போது ஓரிடம் கிடைத்தது.

அதே அறையில் ஐம்பது வயதினரும் அப்பாடல்களைப் பாடுகின்றனர். 'கரா' என்றால் வெறுமை. 'ஓகே' என்பது ஆர்கெஸ்ட்ரா என்பதன் சுருக்கம். பாடகரின் குரல் நீக்கப்பட்ட இசையில் யார் குரலும் பொருந்தும். மினாமி பதினேழு ஆகுமுன் '17 வயது' பாடினார். 1989இல் மொரிதாகா சிசாதோ அதையே இருபது வயதில் பாடினார். ஒசாகி பதினெட்டில் பதினைந்தைப் பாடினார். இவர்களில் எவரும் தலைப்பின் வயதில் இல்லை. தலைப்பிலுள்ள எண் பாடுபவரின் வயதைத் தெரிவிப்பதற்காக வைக்கப்பட்டதன்று. அவ்வயதைக் கடந்தவரும் கடக்கவிருப்பவரும் வந்து நிற்கும் இடம் அது.

'சிவந்த தும்பி'யின் பணிப்பெண்ணுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. உயேனோவில் இறங்கிய பிள்ளைகளுக்கும் பதினைந்தில் கிடைக்கவில்லை. தங்கள் ரயில்நிலையப் பாடலைக் கரோக்கியில் பாடும் காலம் வந்தபோது அவர்கள் நடுவயதை எட்டியிருந்தனர். பதினைந்து வயதினர் தம் வயதைத் தம் வாயால் சொல்வது இயல்பான ஒன்றாகத் தோன்றலாம். அது இயல்பாவதற்கு ஒரு வயதுச் சட்டமும் ஒரு கல்விச் சட்டமும் நின்றுபோன சில ரயில்களும் தேவைப்பட்டன.