அச்சுத் தொழிலாளியின் நெட்டோட்டம்

மாரத்தான் ஓட்டத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் 1896ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் வாகை சூடிய ஸ்பிரிடன் லூயிஸ் என்னும் கிரேக்கரிடமிருந்து தொடங்குவர். அது முறையே. ஆயின், அவ்வீரர் அந்த ஒரு நாளைய வெற்றிக்குப் பின் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. மாணவச் செல்வங்களே, ஒருநாட் புகழ் ஒருபுறம் இருக்கட்டும். கூலியின்றி, கைதட்டலும் எப்போதும் கிட்டாமல், ஒருவர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் ஓடிக்கொண்டே இருந்தார் என்றால், அவரை ஓட்டியது யாது? அமெரிக்க நாட்டுக் கிளாரன்ஸ் டிமார் என்பவரின் வாழ்க்கையை இந்த வினாவோடு நோக்குதல் பயன் தரும்.

டிமார் 1888ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமையுற்ற தாய் பிள்ளைகளுடன் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். பாஸ்டன் துறைமுகத்தில் உள்ள தாம்ப்சன் தீவில், ஆதரவற்ற சிறுவர்களுக்கென ஓர் உழவுப் பள்ளி இருந்தது. சிறுவன் டிமார் அங்கே சேர்க்கப்பட்டான். பின்னர் அவருக்குச் சோறிட்டது அச்சுத் தொழில். ஓட்டம் அவரை வந்தடைந்தது 1909ஆம் ஆண்டில், வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றபோதுதான். இருபத்தொன்றாம் வயதில் ஓடத் தொடங்கியவர் என்பதை நினைவிற் கொள்க. பள்ளி விளையாட்டு விழாவில் பரிசு பெறாத காரணத்தால், தமக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பில்லை என்று பதினான்கு வயதிலேயே முடிவு கட்டிவிடும் பிள்ளைகள் பலரை என் ஆசிரியப் பணிக் காலத்தில் கண்டிருக்கிறேன்.

பாஸ்டன் நகரத்து மாரத்தான் 1897 முதல் நடந்து வருவது. அக்காலத்தில் அதன் தொலைவு ஏறத்தாழ 24½ மைல். 1910இல் முதன்முறையாக அதில் ஓடிய டிமார் இரண்டாவதாக வந்தார். மறு ஆண்டு, தொடக்கக் கோட்டருகே, வழக்கம்போல் மருத்துவச் சோதனை நடந்தது. அவருடைய இதயத்தில் ஒரு வேண்டாத ஒலி கேட்கிறது என்றும், களைப்புத் தோன்றினால் உடனே நின்றுவிட வேண்டும் என்றும், இதுவே கடைசிப் பந்தயமாக இருக்கட்டும் என்றும் மருத்துவர் எச்சரித்தார். அன்று டிமார் 2 மணி 21 நிமிடம் 39 விநாடியில் ஓடி, அப்பந்தயத்தில் அதுவரை யாரும் காணாத வேகத்தை நிலைநாட்டினார்.

வெற்றி பெற்றவர் எச்சரிக்கையை மறந்தார் என்று எண்ண வேண்டா. 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஓடிப் பன்னிரண்டாம் இடம் பெற்றார். பயிற்சியாளர் இட்ட கட்டளைப்படி ஓடுவது அவர் இயல்புக்கு ஒவ்வவில்லை. அதன்பின், இருபத்து நான்கே வயதில், மாரத்தானை விட்டு விலகினார். இதயம் பற்றிய அச்சம் ஒரு காரணம். சமயப்பற்று மிகுந்த அவருக்கு, ஊரார் கண்முன் ஓடிப் புகழ் தேடுவது தற்பெருமையன்றோ என்ற ஐயமும் இருந்தது. படிப்பும் அழைத்தது, பகலில் உழைத்துக்கொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புறநிலைக் கல்விப் பிரிவில் பயின்று, 1915இல் பட்டம் பெற்றார்.

அவருடைய வரலாற்றில் இந்த இடைவெளியே எனக்கு எல்லாவற்றினும் பெரிதாகப் படுகிறது. கோப்பைகளைக் கணக்கிடுவோர் இதனை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றனர். ஒருவன் தான் விரும்பியதைத் தானே கைவிட்டு, ஆண்டுகள் கழித்து, அதனிடம் திரும்பி வருவது எளிதன்று. பழைய உடல் இல்லை; பழைய பெயர் மட்டும் இருக்கிறது; அப்பெயரே சுமையாகிவிடுவதும் உண்டு. டிமார் 1917இல் மீண்டும் பாஸ்டனில் ஓடி மூன்றாவதாக வந்தார். உலகப் போர்க் காலத்தில் படைப்பணிக்குச் சென்று மீண்டார். பின்பு 1922இல், முதல் வெற்றிக்குப் பதினோர் ஆண்டுகள் கழித்து, முப்பத்து மூன்றாம் வயதில் மறுபடியும் முதலாவதாக வந்தார். 1923இலும் 1924இலும் அவரே வென்றார். 1924ஆம் ஆண்டிலேதான் ஒலிம்பிக் அளவை ஒட்டி, பாஸ்டன் பந்தயத்தின் தொடக்கம் ஹாப்கின்டன் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டுத் தொலைவு நீட்டப்பட்டது என்பதால், அவ்வெற்றியின் மதிப்பு இன்னும் மிகுதி. அதே ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கமும் பெற்றார்.

இத்தனைக்கும் அவருக்கு ஓட்டத்தால் வருவாய் இல்லை. அக்கால அமெச்சூர் விதியின்படி, பரிசுப் பணம் பெறுவோர் பந்தயத்துக்கே தகுதி இழப்பர். பாஸ்டன் மாரத்தானில் பணப்பரிசு வந்தது 1986இல்தான். ஆகவே டிமார் பிழைப்புக்கு அச்சகத்தில் நின்றார். ஓடுவதற்கெனத் தனி நேரம் தேடித் தவிக்கவில்லை. வேலைக்குப் போவதும் வருவதும் ஓட்டமாகவே அமைந்தன. பிறர் வண்டியேறும் வழியை அவர் காலால் கடந்தார். ஊக்கம் வரட்டும், பிறகு ஓடுவோம் என்று காத்திருந்தால் அது என்று வரும்? வேலை நாள்தோறும் வரும். அதனோடு ஓட்டத்தைப் பிணைத்துவிட்டார். ஞாயிறன்று தேவாலயப் பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் சொன்னார். பிற்காலத்தில் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள கீன் என்னும் ஊரின் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் அச்சுக்கலை கற்பித்தார்.

தோல்வியையும் அவர் நிறையச் சுவைத்தார். 1925இல் இரண்டாவது இடம். 1926இல் பாரிஸ் ஒலிம்பிக் வீரராகிய பின்லாந்து நாட்டு ஸ்டென்ரூஸ் பாஸ்டனுக்கு வந்திருந்தார். அவருக்கும் டிமாருக்குமே போட்டி என ஊர் நினைத்திருக்க, கனடாவிலிருந்து வந்த இருபது வயது ஜானி மைல்ஸ் இருவரையும் பின்னிறுத்தினார், டிமார் மூன்றாவது. முப்பத்தேழு வயதினருக்கு ஓய்வு பெற அதனினும் நல்ல சாக்கு வேறென்ன வேண்டும்? அவரோ 1927இலும் 1928இலும் வென்றார். 1930இல் நாற்பத்தொன்றாம் வயதில் ஏழாம் முறையாக வென்றார். ஆடவர் ஓட்டத்தில் அவ்வேழு வெற்றிகளை எட்டியவரும், அவ்வயதில் அங்கு வென்றவரும் இன்றுவரை வேறெவரும் இலர்.

1930க்குப் பின் அவர் அங்கு வென்றதே இல்லை. எனினும் 1954 வரை, அறுபத்தைந்தாம் வயதிலும், பாஸ்டன் மாரத்தானில் ஓடினார். மொத்தம் முப்பத்து நான்கு முறை. முன்னே செல்லும் இளைஞர் முதுகு கண்ணுக்குத் தெரியாத தொலைவில் மறைந்தபின்னும், எஞ்சிய பதினைந்து இருபது மைலைத் தனியே ஓடி முடிப்பவனிடம் வெற்றியாசை என்னும் காரணம் செல்லாது. அவருக்கு ஓட்டம் பிடித்திருந்தது, அவ்வளவே. இதனை ஆராய்ந்து பெரிய பெயர் சூட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

1957இல்கூட அவர் ஒரு பந்தயத்தில் ஓடினார். மறு ஆண்டு ஜூன் மாதம், எழுபதாம் வயதில், புற்றுநோயால் மறைந்தார். இறந்தபின் அவர் உடலைச் சோதித்த மருத்துவர்கள், 1961இல் புகழ்பெற்ற ஒரு மருத்துவ இதழில் தம் முடிவை வெளியிட்டனர். அக்கட்டுரையை எழுதிய இருவருள் ஒருவர், இதய மருத்துவத்தில் பெயர் பெற்ற பால் டட்லி ஒயிட். இதயத்துக்குக் குருதி ஊட்டும் நாளங்கள் பிறருக்கு உள்ளவற்றைப் போல் இரண்டு மூன்று மடங்கு அகன்றிருந்தன என்று அவர்கள் கண்டனர். ஓட்டத்தால் அவை அகன்றனவா, அகன்றிருந்ததால் அவர் அவ்வளவு ஓடினாரா என்பதை ஓர் உடலை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறுதல் இயலாது. 1911இல் களைத்தால் நின்றுவிடு என்று எச்சரிக்கப்பட்டது அந்த இதயந்தான்.