பெட்டிக்குள் இருக்கும் வரலாறு



நம் தொடக்கப்பள்ளிகளில் 2014ஆம் ஆண்டு தொடங்கி நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு தனிப் பாடமாயிற்று. வரலாற்றுச் சான்றுகள் யாவை என்று வகுப்பில் கேட்டால் கல்வெட்டு, நாணயம், ஓலைச்சுவடி, பழைய நிழற்படம் என்று மாணவர்கள் அடுக்கிச் சொல்வார்கள். துணி என்று சொல்பவர் அரிது. கடல் கடந்து நம் மக்களை இம்மண்ணோடு இணைத்த வணிகப் பொருள்களுள் துணிக்குத் தலையாய இடம் உண்டு. நெய்தவனைப் பற்றி நாம் ஓரளவு படித்திருக்கிறோம். சேர்த்து வைத்துக் காத்தவனைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவனைப் பற்றியதே இக்கட்டுரை.

துணி எளிதில் அழியும் பொருள். வெயில், ஈரம், பூச்சி, பூஞ்சை ஆகிய நான்கும் அதற்குப் பகை. வெப்பமும் மழையும் மிகுந்த நாட்டில் நெய்த துணி அந்நாட்டிலேயே நெடுங்காலம் நிலைப்பது கடினம். இந்தியப் பருத்தித் துணிகளுள் பழமையான பலவும் இந்தியாவுக்கு வெளியே கிடைத்திருப்பது வியப்புக்குரியது. எகிப்தின் பழைய கெய்ரோவில் உள்ள ஃபுஸ்தாத்தில், வறண்ட மண்ணுக்குள், பெரும்பாலும் குஜராத்தைச் சேர்ந்த அச்சுத் துணித் துண்டுகள் கிடைத்தன. அங்கே காத்தது இயற்கை. இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவிலோ மனிதர்களே காத்தார்கள். அங்கு வாழும் தோராஜா மக்கள் இந்தியத் துணிகளைக் குலச்சொத்தாகப் போற்றி, சடங்கு நாளில் மட்டும் வெளியே எடுத்து, மீண்டும் மடித்து வைத்தனர். அவற்றுள் சில 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கரிமக் காலக் கணிப்பு காட்டுகிறது. நம்மைப் போலவே மழையும் புழுக்கமும் உள்ள ஊர்தான் அது. அக்கறை இருந்ததால் துணி நின்றது.

நம் நாட்டிலும் இந்த வணிகத்தின் தடம் மொழியிலேயே பதிந்துள்ளது. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துக்கீசியரான தோமே பிரேஸ், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த துணி வணிகத்தைத் தம் நூலில் குறித்துள்ளார். அக்கரையில் உள்ள பழவேற்காட்டில் 1610இல் டச்சுக்காரர்கள் வணிக நிலையம் அமைத்தனர். அங்கு வாங்கிய துணிகளை இத்தீவுகளுக்குக் கொண்டுவந்து நறுமணப் பொருள்களை வாங்கினர். பழவேற்காட்டை ஐரோப்பியர் ‘புலிக்காட்’ என்றனர். மலாய் அன்பர்கள் இன்றும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர் வந்தது அதனால்தான். அந்தக் காலத்துத் துணி கந்தலாகி மறைந்துவிட்டது. ஊரின் பெயர் மட்டும் எஞ்சியது.

துணியை முறையாக வகைப்படுத்திய பெரும் முயற்சி ஒன்று 1866இல் இலண்டனில் நடந்தது. அங்கிருந்த இந்திய அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், இந்தியத் துணிகளை நறுக்கி 700 மாதிரிகளை 18 தொகுதிகளாக ஒட்டினார். இவ்வாறு 20 படிகள் உருவாயின. 13 படிகள் பிரிட்டனிலும் 7 படிகள் இந்தியாவிலும் வைக்கப்பட்டன. சென்னை மாகாணத் துணிகளும் அவற்றில் உண்டு. தலைப்பாகை, வேட்டி, சேலை, அளந்து வெட்டி விற்கும் துணி என்று, உடுத்தும் முறையை வைத்தே அவர் பிரித்தார். ஒவ்வொரு மாதிரிக்கும் அருகே ஊர், நீள அகலம், எடை, விலை ஆகியன அச்சிடப்பட்டன.

இதன் நோக்கம் என்ன? இந்தியர் எதை விரும்பி உடுத்துகிறார்கள் என்பதை அறிந்து, அதே போன்ற துணியை ஆலைகளில் நெய்து அவர்களிடமே விற்க வேண்டும் என்பதே! கைத்தறி நெசவாளியின் பிழைப்பைப் பறிக்க உதவிய அதே தொகுதிகள், இன்று அவன் கைத்திறனுக்குச் சான்றாகவும் நிற்கின்றன. வரலாற்றில் இத்தகைய முரண்கள் உண்டு. ஆயினும் அத்தொகுதிகளில் ஒரு குறை தெரிகிறது. விலை இருக்கிறது, எடை இருக்கிறது. நெய்தவர் யார், உடுத்தியவர் யார் என்பது இல்லை. வணிகனுக்கு அது தேவைப்படவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு சேகரிப்பு நமக்கு அண்மையில், சிங்கப்பூரில் உருவானது. 1942இல் ஜப்பானியர் சாங்கி சிறையில் அடைத்த பெண்கள், கிடைத்த துண்டுத் துணிகளைக் கொண்டு ஒட்டுப் போர்வைகள் தைத்தனர். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். ஒவ்வொரு பெண்ணும் தன் சதுரத்தில் ஒரு சித்திரத்தைத் தைத்துத் தன் பெயரையும் பொறித்தாள். காயமுற்ற வீரர்களுக்கென்று அவை வெளியே அனுப்பப்பட்டன. வேறிடத்தில் அடைபட்டிருந்த கணவனோ உறவினரோ அப்பெயரைக் கண்டால், ‘அவள் உயிரோடு இருக்கிறாள்’ என்று அறியலாம். அப்போர்வைகளுள் இரண்டு இன்று கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. வாட்சனின் தொகுதிகளோடு ஒப்பிட்டால் இவற்றில் துணி மிகக் குறைவு, தரமும் குறைவு. ஆனால், பெயர் இருப்பதால் அவை அப்பெண்களின் வரலாறாகிவிட்டன.

இனி நம் தலைநகருக்கு வருவோம். கோலாலம்பூரில் மெர்டேக்கா சதுக்கத்தின் அருகே, செங்கல்லும் வெண்சாந்தும் பட்டை பட்டையாக மாறி மாறி வரும் ஓர் அழகிய பழங்கட்டடம் உள்ளது. அங்கேதான் 2010 ஜனவரியில் தேசியத் துணி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நெசவுக் கருவிகள், பாத்தேக், சொங்கெட் என்று நம் நாட்டின் துணி மரபைக் காட்டும் இல்லம் அது. பிரிட்டிஷார் காலத்தில் அக்கட்டடம் மலாய் மாநிலங்களின் இரயில்வே தலைமையகமாக இருந்தது. தண்டவாளம் அமைத்த தமிழகத்துத் தொழிலாளர்களும், எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர்களும் அந்த நிர்வாகத்தின் கீழ் உழைத்தவர்கள். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் தமிழர் பெருகியதற்கு அவ்விரயில்வே ஒரு முக்கியக் காரணம்.

அந்தக் குடும்பங்களின் துணிகள் இப்போது எங்கே? கிள்ளானைச் சூழ்ந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பாட்டிமார்களின் சேலைகள் எங்கே? பெரும்பாலானவை ஏணையாகி, போர்வையாகி, கரித்துணியாகி முடிந்துபோயின. பொருளை வீணாக்காத மக்களின் பண்பு அது. அதில் இழிவு ஒன்றுமில்லை. எஞ்சியவை வீட்டு அலமாரியின் அடித்தட்டில், இரும்புப் பெட்டியில் இருக்கலாம். அது யாருடையது என்று சொல்லத் தெரிந்தவர் மறைந்துவிட்டால் அதுவும் வெறும் பழந்துணியே.

ஆகவே, பெற்றோர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்:

1. கஞ்சி போட்ட துணியை அப்படியே வைக்காதீர்கள். மாவுப்பொருள் பூச்சியை அழைக்கும். சாயம் போகாத பருத்தித் துணியானால் அலசி, நிழலில் நன்கு உலர்த்திய பின்னரே பெட்டியில் வையுங்கள்.

2. நெகிழிப் பையைத் தவிர்த்திடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியது. பைக்குள் சிக்கிய ஈரம் பூஞ்சையாகும். துவைத்த வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைப்பதே நன்று.

3. அந்துருண்டை சரிகையைத் தொடக்கூடாது, சரிகை கறுக்கும்.

4. மூன்று மாதத்திற்கு ஒருமுறை விரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் பட்டு அம்மடிப்பிலேயே கிழியும்.

5. தையலுக்காக வெட்டுத்துணி சேர்க்கும் தாய்மார்கள் பருத்தி, பட்டு, செயற்கை இழை என்று முதலில் பிரித்து, பின் நிறவாரியாக அடுக்கலாம். இழைக்கு இழை சுருங்கும் அளவு வேறுபடும். பழைய சேலையை வெட்டித்தான் ஆக வேண்டுமெனில், வெட்டுமுன் முழுச்சேலையைப் படம் எடுத்து, கரையும் முந்தானையும் சேர்ந்த ஒரு துண்டைத் தனியே வையுங்கள்.

6. பெயர்ச்சீட்டு மிக முக்கியம். வெள்ளைப் பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதி, ஓரத்தில் இரண்டு தையல் போட்டால் போதும். குண்டூசி வேண்டாம், துருப்பிடிக்கும். உடுத்தியவர் யார், எந்த ஆண்டு, எங்கே வாங்கியது, எந்த நிகழ்ச்சிக்கு, இதைச் சொன்னவர் யார் ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலுள்ள ஒரு பழந்துணியைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டு, இந்த ஐந்து விவரங்களையும் எழுதிவரச் செய்யலாம். துணியைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டியதில்லை; படமே போதும். மலாக்காவின் துணி வணிகத்தைப் பாடநூலில் படிக்கும் பிள்ளை, தன் வீட்டுச் சேலையும் அதே கதையின் தொடர்ச்சி என்று உணரும்.

எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள் நம் வீடுகளில் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். துணி இன்னும் பல ஆண்டு தாங்கக்கூடும். அதன் கதையைச் சொல்பவருக்கு அத்தனை காலம் இல்லை. இந்த வாரமே பெட்டியைத் திறந்து, அவர்களை அருகில் அமர்த்திக் கேளுங்கள்.