சவர்க்காரக் கரைசலும் கிணற்று நீரும்: திருகோணமலைத் துறைமுகச் சூழலின் வீட்டுத்தோட்டங்களை முன்வைத்து

இலங்கையில் 2021 மே மாதம் இரசாயனப் பசளைகளுக்கும் பீடைநாசினிகளுக்கும் இறக்குமதித் தடை வந்தது, நவம்பரில் விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடி முற்றியபோது, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்றே அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கப்பட்டது. கடையில் மருந்து கிடைக்காத, கிடைத்தாலும் வாங்கக் கட்டாத அந்நாட்களில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பயற்றைக்கும் எளிதாகச் சொல்லப்பட்ட பரிகாரம் சவர்க்காரக் கரைசல்தான். கட்டியைச் சீவி, தண்ணீரில் கரைத்து, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். எந்தத் தண்ணீர் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. திருகோணமலையில் இந்த முறை பொய்த்துப்போன இடங்களில் குற்றம் பெரும்பாலும் சவர்க்காரத்தினுடையதல்ல, தண்ணீரினுடையது என்பதே என் வாதம்.

சவர்க்காரம் நஞ்சூட்டிக் கொல்வதில்லை. அதிலுள்ள கொழுப்பமில உப்புகள் அழுக்கணவன், வெண் ஈயின் இளம்பருவம், சிற்றுண்ணி போன்ற மென்னுடலிகளின் மேற்தோல் மெழுகைக் கரைத்து, கலமென்சவ்வைச் சிதைக்கின்றன. பூச்சி நீரிழந்து சாகிறது. கரைசல் ஈரமாக இருக்கும்வரைதான் இந்த வேலை நடக்கும். காய்ந்தபின் இலையில் எஞ்சுவது எதையும் கொல்லாது. கத்தரிக்காயைத் துளைத்து உள்ளிருக்கும் புழுவிடம் இது ஒருபோதும் போய்ச்சேராது. ஆனால் கொல்லும் எச்சம் இல்லாததே இதன் பெருமையும் ஆகும். காலையில் தெளித்த செடிக்கு மாலையில் வந்திறங்கும் ஒட்டுண்ணிக் குளவிக்குத் தீங்கில்லை. 2008இல் இலங்கையில் கண்டறியப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சியைக் கடைசியில் அடக்கியது வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட அத்தகைய குளவியே என்பதை மறக்கலாகாது.

இனித் தண்ணீருக்கு வருவோம். கரையோரக் கிணறுகள் மணலுக்குள் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படையிலிருந்தே ஊறுகின்றன. சிப்பித் துகள் கலந்த மணல் அந்நீருக்குக் கல்சியத்தைக் கொடுக்கும். சிறுபோகத்தில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். கடல்நீரில் கல்சியத்தைவிட மக்னீசியம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதால், உவர் ஏறும் கிணற்றில் இவ்விரண்டாலும் உண்டாகும் வன்மையும் கூடவே ஏறும். வன்னீரில் சவர்க்காரம் நுரைக்காது என்பதைக் கிணற்றடியில் துணி தோய்த்த எவரும் அறிவர். தோட்டத்துக்குப் போகும்போது அந்த அறிவு எப்படியோ கைவிட்டுப்போகிறது.

கணக்காகவே பார்க்கலாம். லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேற்பட்ட வன்மையுள்ள நீரை மிக வன்மையானது என்பர். 300 மில்லிகிராம் வன்மையுள்ள கிணறொன்றை எடுத்துக்கொள்வோம். கல்சியம் காபனேற்றாகக் கணித்தால் அது லீற்றருக்கு 3 மில்லிமூல். ஒவ்வொரு கல்சியம் அயனும் இரண்டு கொழுப்பமில அயன்களைப் பிடித்துக்கொண்டு கரையாத படிவாகிவிடும். ஆக 6 மில்லிமூல், அதாவது சோடியம் ஒலியேற்றாகக் கொண்டால் ஏறக்குறைய 1.8 கிராம், ஒவ்வொரு லீற்றரிலும் வீண். லீற்றருக்கு 20 கிராம் கரைப்பவர் இழப்பது பதினொன்றில் ஒரு பங்குதான். இலை கருகிவிடுமோ என்று பயந்து 5 கிராம் இடுபவர் மூன்றிலொன்றுக்கு மேல் இழக்கிறார். 2 கிராம் இடுபவரின் வாளியில் வேலைசெய்யச் சவர்க்காரம் அநேகமாக மிஞ்சுவதே இல்லை. இழப்பு தண்ணீரின் அளவைப் பொறுத்தது, போட்ட சவர்க்காரத்தின் அளவைப் பொறுத்ததல்ல. சிக்கனமாகப் பாவிப்பவரே முழுத் தோல்வியைச் சந்திக்கிறார் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விடயம். அவர்தான் செடியைக் குழந்தைபோல் பார்ப்பவர்.

தோல்விக்குப்பின் நடப்பது இன்னும் மோசம். கட்டி பலிக்கவில்லை என்று சலவைத் தூளுக்கோ பாத்திரம் கழுவும் திரவத்துக்கோ மாறுகிறார்கள். இவை வன்னீரில் படிவதில்லை, உண்மைதான். ஆனால் இவை வேதியியலில் வேறு பொருள்கள். தூளிலுள்ள காரம் தளிரைச் சுடும். திரவம் இலையின் மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும். வேப்பெண்ணெயைத் தண்ணீரோடு கலக்கச் சவர்க்காரம் சேர்ப்போருக்கும் இதே சிக்கல் உண்டு. வன்னீரில் பால்மம் உடைந்து எண்ணெய் மேலே மிதக்கிறது. தெளிகருவியிலிருந்து முதற் பாத்திக்கு வெறும் தண்ணீரும் கடைசிப் பாத்திக்குத் தனி எண்ணெயும் விழுகின்றன.

காற்றையும் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மலைநாட்டில் ஈரத்தைக் கொட்டிவிட்டு இங்கே வந்து சேரும் கச்சான் காற்று, முற்பகலிலேயே இலையை உலர்த்திவிடும். ஈரம் நிற்கும் நேரமே மருந்தின் ஆயுள் என்னும்போது, காலை ஒன்பது மணிக்குத் தெளிப்பது வெயிலில் இலையைக் கருக்கவே உதவும். விடியற்புறமோ பொழுதுபட்ட பின்போ, காற்று அடங்கியிருக்கையில் தெளிப்பதே பொருந்தும். நான்கைந்து நாள் இடைவெளியில் மீண்டும் தெளிக்கவும் வேண்டும், ஏனெனில் முட்டைகள் தப்பிவிடுகின்றன.

மாரி மழையில் கூரைநீரைப் பிடித்து மூடிவைத்த பீப்பா ஒன்று தண்ணீரால் வரும் இவ்வளவு சிக்கலையும் தீர்க்கும். மழைநீரில் வன்மை இல்லை. ஒரு சிறு தோட்டத்துக்கு ஒரு தடவைக்கு வேண்டியது ஐந்தாறு லீற்றர்தான். குழாய்நீர் உள்ள வீடுகள் அதையும் சோதித்துப் பார்க்கலாம். சோதனைக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கண்ணாடிப் போத்தலொன்றில் அந்த நீரை நிரப்பி, சீவிய சவர்க்காரத்தை உத்தேச அளவில் கரைத்துக் குலுக்கி, கால்மணி நேரம் சாளரத்தருகே வையுங்கள். திரைந்த பால்போல வெள்ளைத் துணுக்குகள் மிதந்து, கழுத்தில் சாம்பல்நிற வளையம் கட்டினால் அந்த நீர் தோட்டத்துக்கு இறைக்க மட்டுமே. நுரை நின்று, கரைசல் ஒரே சீராக இருந்தால் அதை இரண்டு இலைகளில் தெளித்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தெளிகருவியில் ஊற்றலாம்.