உச்சியில் ஓர் அச்சு

திருபுவனை காற்றாலைக்குப் பேர்போன ஊர் அல்ல. அதைப் பார்க்கணும்னா ஆரல்வாய்மொழிக்கோ கயத்தாறுக்கோ போகணும். ஆனால் புதுச்சேரிக்கும் அந்தக் காற்றுக்கும் தொடர்பு உண்டு. 1995-இல் துளசி தந்தி தொடங்கிய சுஸ்லான் நிறுவனம் இங்கே ஆலை வைத்து, கோபுர உச்சியில் உட்காரும் தலைப்பகுதியைப் பூட்டி அனுப்பியது. இறக்கை எல்லார் கண்ணிலும் படும். நோய் வருவது அந்தத் தலைக்குள்ளே.

உராய்வு நமக்குப் புதுசு இல்லை. உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் உபரி அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றில் ஔவையார் சொல்கிறார். மேடு பள்ளத்தில் என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்? பிற்காலத்து வண்டிக்காரர்கள் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் தடவினார்கள். அந்த மசகுதான் இன்று பீப்பாயில் வரும் எண்ணெய்க்கும் பெயர்.

ஐரோப்பாவில் 1699-இல் அமோந்தோன் உராய்வுக்கு விதி எழுதினார். ஆனால் உராய்வு, தேய்மானம், மசகு மூன்றையும் சேர்த்து ‘டிரைபாலஜி’ என்ற ஒரே துறையாகப் பேச வைத்தது 1966-இல் பிரிட்டனில் வந்த பீட்டர் ஜோஸ்ட் அறிக்கைதான்.

இருபது ஆண்டு கழித்து, 1986-இல், தூத்துக்குடி முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை வந்தது. அதற்குப் பிறகு இங்கே வளர்ந்த பெரிய இயந்திரங்களில் இறக்கை நிமிடத்துக்கு 15, 20 சுற்றுதான் சுற்றும். ஜெனரேட்டருக்கோ 1500 வேண்டும். நடுவில் கியர்பாக்ஸ். அதன் பற்களையும் பேரிங்கையும் பிரித்து வைப்பது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலம்.

ஓடி ஓடித்தான் தேயுதுன்னு நினைப்போம். நிற்பதும் தேய்க்கும். வேகம் குறைந்தால் படலம் மெலியும். காற்று ஓய்ந்த மாதங்களில் இயந்திரம் நின்றபடியே அதிரும். தொடும் இடத்திலிருந்து கிரீஸ் விலகி, இரும்பு இரும்போடு உரசும். திடீர்க் காற்றும் திடீர் பிரேக்கும் உருளைகளை வழுக்க வைக்கும். 20 ஆண்டு உழைக்கணும்னு செய்த கியர்பாக்ஸ்கள் பாதியிலேயே படுத்தன. அமெரிக்காவில் 2007-இல் தொடங்கிய கூட்டு ஆய்வு, பெரும்பாலான கோளாறுகள் பற்களில் அல்ல, பேரிங்கில் தொடங்குவதைக் காட்டியது. எஃகுக்குள் வெள்ளையாய்த் தெரியும் ஒருவகை விரிசலின் காரணம் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது.

கியர்பாக்ஸ் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வியாபாரமே சாட்சி. 2006-இல் சுஸ்லான், பெல்ஜியத்தின் கியர்பாக்ஸ் நிறுவனமான ஹான்சனை வாங்கியது. ஹான்சனுக்குக் கோயம்புத்தூர் அருகிலும் ஆலை வந்தது. கடன் நெருக்க, 2011-இல் மிச்சப் பங்கையும் விற்றாயிற்று.

கியர்பாக்ஸே இல்லாத இயந்திரங்களும் வந்துவிட்டன. அவற்றிலும் முதன்மை பேரிங்குக்கு மசகு வேண்டும். காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை நிறுத்தினால் நஷ்டம். அதனால் எண்ணெய் பார்க்கும் வேலையைத் தள்ளிப்போடத் தோன்றும். உப்பு வணிகன் உபரி அச்சை வண்டிக்கு அடியிலேயே வைத்திருந்தான், முறிந்தால் மாட்டிக்கொள்ளலாம். 80 மீட்டர் உயரத்தில் முறிந்தால் ராட்சத கிரேன் வந்து சேரும்வரை காற்று சும்மா போகும். ஆகவே இங்கே உபரி அச்சு என்பது, காற்று ஓய்ந்த மாதத்தில் ஏணி ஏறி எண்ணெயைச் சோதிக்கும் தொழிலாளியின் கை. அந்தக் கைக்கு நேரமும் கூலியும் ஒதுக்குவதைச் செலவுன்னு எழுதுகிறோம். அது மசகு.