எமோஜி ஆதரவு (செல்பேசிச் செயலிகள்)

யூனிகோடு பட எழுத்துகளை உள்ளிடவும் சேமிக்கவும் எண்ணவும் திரையில் காட்டவும் செயலிக்கு உள்ள திறன். ஜப்பானிய நிறுவனமான டோகோமோ 1999இல் 176 எமோஜிகளை வெளியிட்டது. 2010இல் யூனிகோடு 6.0 அவற்றைப் பொதுத் தரமாக்கியது. தோல்நிற மாற்றிகள் 2015இல் யூனிகோடு 8.0இல் சேர்ந்தன.

எமோஜி பெரும்பாலும் இயங்குதளத்தின் எழுத்துருவையே சார்ந்தது. பழைய பதிப்புகளில் புதிய எமோஜி வெற்றுக் கட்டமாகத் தெரியும். இதற்காக கூகுள் 2017இல் அறிமுகப்படுத்திய எமோஜிகாம்பாட் நூலகம், தனி எழுத்துருவைக் கொண்டு ஆண்ட்ராய்டு 4.4 வரையிலான பழைய கருவிகளிலும் அவற்றைக் காட்டியது.

காட்டுவதைவிட எண்ணுவதே சிக்கலானது. நால்வர் குடும்ப எமோஜி, நான்கு உருக்களை மூன்று புலப்படா இணைப்பிகள் கோத்த ஏழு குறியெண்களாலானது. யுடிஎஃப்-8இல் 25 பைட், ஜாவாவின் நீளக் கணக்கில் 11, ஸ்விஃப்ட் மொழியில் 1. எழுத்து வரம்பு, வெட்டுதல், பின்னழிப்பு மூன்றும் இதனால் பிழைபடும். தமிழ் உயிர்மெய்க்கும் இது பொருந்தும்: ‘கி’ இரு குறியெண்கள். சேமிப்பில், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் மூன்று பைட் ‘யுடிஎஃப்8’ எமோஜிக்குப் போதாது, ‘யுடிஎஃப்8எம்பி4’ தேவை.