மோவாபுக்கும் ஒரு வாக்குத்தத்தம்



1868-ஆம் ஆண்டு, சாக்கடலுக்குக் கிழக்கேயுள்ள தீபோனில் எழுத்துகள் பொறித்த ஒரு கருங்கல் கண்டெடுக்கப்பட்டது. கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் அதை நிறுத்தியவன் மோவாபின் ராஜாவாகிய மேசா (2 இராஜாக்கள் 3:4). இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தொழிந்தது என்று அதில் அவன் பெருமை பாராட்டினான்.

பிற்காலத்தில் எரேமியா 48-ஆம் அதிகாரம் நியாயந்தீர்ப்பதும் மோவாபின் இதே பெருமையைத்தான். இஸ்ரவேலைப் பரியாசம்பண்ணிய மோவாப் தானும் பரியாசமாகும் என்கிறார் தீர்க்கதரிசி. அவ்வாறே அழிந்தது இஸ்ரவேல் அல்ல. மோவாபின் ராஜ்யமே சரித்திரத்திலிருந்து மறைந்தது.

ஆயினும் கவனியுங்கள். தண்டனையை அறிவிக்கிற கர்த்தர் அதே அதிகாரத்தில் மோவாபுக்காகப் புலம்புகிறார் (48:31). கடைசி வசனத்தில் அதன் சிறையிருப்பைத் திருப்புவதாக வாக்களிக்கிறார். அம்மோனுக்கும் (49:6) ஏலாமுக்கும் (49:39) அதே வாக்கு உண்டு. பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் சுவிசேஷத்தைக் கேட்டவர்களில் ஏலாமியரும் இருந்தார்கள் (அப். 2:9). மோவாபியப் பெண்ணாகிய ரூத்தோ மேசியாவின் வம்சவரலாற்றிலேயே இடம்பெற்றிருக்கிறாள் (மத். 1:5).

பூந்தமல்லியில் சுவரோடு சுவராய் வாழ்கிற நமக்கும் இதில் எச்சரிப்பு உண்டு. அயலாரின் வீழ்ச்சியில் மகிழும்போது மேசாவின் கல்லை நம் இருதயத்திலே நிறுத்துகிறோம். யாருடைய தாழ்வைக் கண்டு உள்ளூர மகிழ்ந்தீர்களோ, அவர் பெயரைச் சொல்லி இந்த வாரம் ஜெபியுங்கள். ஆமென்.