இரு சபைகளின் போட்டியில் எழுந்த பள்ளிகள்



இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டித் தந்தது யார்? அரசாங்கம் என்றுதான் நினைப்போம். ஆனால் அந்நாட்டு அரசாங்கம் இதற்காக முதன்முதலில் பணம் ஒதுக்கியது 1833இல்தான். அதற்கு முன்பே ஊர் ஊராகப் பள்ளிகளை எழுப்பியவை கிறிஸ்துவ சபைகள். ஒன்றையொன்று முந்த வேண்டும் என்ற போட்டியே அவற்றை விரட்டியது.

கதை நம் சென்னையைத் தொட்டுச் செல்கிறது. எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் இருந்தது. 1789இல் அதன் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் பாதிரியார். நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையே தம் இல்லத்திலும் புகுத்தினார். தேர்ந்த பிள்ளைகளே மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். செலவு மிகக் குறைவு. இம்முறையை அவர் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்றே அதற்குப் பெயர் வந்தது. ஓராசிரியர் பள்ளி நடந்த தோட்டங்களில் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது!

1798இல் இலண்டன் சௌத்வார்க்கில் ஜோசப் லான்காஸ்டர் ஏறக்குறைய இதே முறையில் ஒரு பள்ளி தொடங்கினார். அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். அவர் பள்ளியில் வேதாகமம் உண்டு. எந்தச் சபையின் ஞானோபதேசமும் இல்லை. பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தார்கள். அவரை ஆதரித்து 1808இல் ஒரு சங்கம் எழுந்தது. அரசாங்கச் சபையான ஆங்கிலிக்கன் சபை சும்மா இருக்குமா? 1811இல் 'தேசியச் சங்கம்' அமைத்து, பெல்லின் முறையில் தானும் பள்ளிகளைத் திறந்தது.

போட்டியினால் பள்ளிகள் பெருகின; உண்மைதான். ஆனால் இரண்டு பள்ளிகளுள்ள நகரத்தில் பெற்றோர் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம். சிற்றூரில் இருப்பதோ ஒன்று. பெரும்பாலும் அது ஆங்கிலிக்கன் பள்ளி. மாற்றுச் சபைத் தொழிலாளியின் பிள்ளையும் அங்கே ஆங்கிலிக்கன் ஞானோபதேசத்தை ஒப்பிக்க வேண்டியிருந்தது. ஒரே கடையுள்ள தோட்டத்தில் கடைக்காரர் சொன்னதே விலை அல்லவா?

1833இல் ஒதுக்கிய 20,000 பவுனும் கட்டடச் செலவில் பாதியைத் தாமே திரட்டக்கூடியவர்களுக்கே கிடைத்தது. ஆகவே பணக்காரச் சபைக்கே பெரும்பங்கு போயிற்று. இன்னொரு கேடும் விளைந்தது. ஆலைப் பிள்ளைகளின் கல்விக்காக 1843இல் அரசாங்கம் கொண்டுவந்த திட்டம், ஆங்கிலிக்கன் சபைக்கு அதிகாரம் தருகிறது என்று மற்றச் சபைகள் எதிர்த்ததால் கைவிடப்பட்டது. பெரியவர்கள் வழக்காட, இழந்தவர்கள் ஆலைப் பிள்ளைகள். இதை நம்மால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

1870இல்தான் சட்டம் வந்தது. பள்ளி போதாத ஊர்களில், மக்கள் தேர்ந்தெடுத்த குழுக்கள் வரிப்பணத்தில் பள்ளி நடத்தலாயின. சபைப் பள்ளி உதவிப்பணம் பெற்றால், பெற்றோர் விரும்பாத பிள்ளையைச் சமயப் பாடத்திலிருந்து விட்டுவிட வேண்டும். கட்டட உதவி கேட்கச் சபைகளுக்கு அவ்வாண்டு இறுதிவரை தவணை கிடைத்தது. உடனே விண்ணப்பங்கள் குவிந்தன!